“சேர், போட் ஸ்ரார்ட் ஆகுதில்லை”

இது கொஞ்சம் நீண்ட பதிவு. தேத்தண்ணியை ஊற்றி வைத்துக்கொண்டு ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

மே மாதம் பிறந்தால் எனக்கு ஒரே மாதிரியான தொலைபேசி அழைப்புகள் வரும். “சேர், போட் ஸ்ரார்ட் ஆகுதில்லை.” ஊரில் என்னிடம் படித்த பிள்ளைகளில் கொஞ்சப் பேர் இப்போது ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் பக்கம் இருக்கிறார்கள். சனி ஞாயிறுகளில் சிம்கோ ஏரிக்கு மீன் பிடிக்கப் போவார்கள். நவம்பரில் படங்கால் மூடிவைத்த போட்டை விக்ரோறியா தின நீண்ட வாரஇறுதிக்கு வெளியே எடுப்பார்கள். திறப்பைத் திருப்பினால் எஞ்சின் சுற்றும், பிடிக்காது. அல்லது சுற்றவே சுற்றாது. உடனே சேருக்கு ஒரு கோல்.

நான் மெக்கானிக் இல்லை. உயர்தர வகுப்புக்குப் பௌதிகம் படிப்பித்தவன். ஆனால் பருத்தித்துறைக் கரையில் இருந்துகொண்டு எஞ்சினைப் பற்றித் தெரியாமல் படிப்பிக்க முடியாது. வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் வீட்டில் வள்ளம் இருக்கும். மாரியில் வாடைக்காற்று எழும்பிக் கடல் குழம்பினால் வள்ளங்களைக் கரையில் ஏற்றிவிடுவார்கள். கடல் அடங்கித் திரும்ப இறக்கும்போது இதே கதைதான்: கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்மூட்டு கழன்றுவிடும், எஞ்சின் மட்டும் அசையாது. அங்கே மாரி, இங்கே பனி. நின்றுபோன எஞ்சினின் குணம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

இந்த வருடம் வந்த அழைப்பு வேறு மாதிரி. அந்தத் தாயும் மகனும் “எழுதுங்கோ சேர், மற்றப் பிள்ளைகளுக்கும் உதவும்” என்று சொன்ன பிறகே எழுதுகிறேன். பெயர்கள் வேண்டாம். தெரிந்தவர்களும் கீழே பெயர் போடாதீர்கள்.

என் மாணவன் ஒருவன் போன ஐப்பசியில் ஆஸ்பத்திரிக்குப் போனவன் வீட்டுக்குத் திரும்பவில்லை. கார்த்திகையில் காலமானான். 1992இல் என்னிடம் படித்தவன். நன்றாகக் கேள்வி கேட்பான். அவன் ஆசையாக வாங்கி வைத்திருந்த ஒரு சின்ன அலுமினியப் போட்டும், அதில் 15 குதிரைவலு நான்கடிப்பு எஞ்சினும் வீட்டின் பக்கத்தில் ட்ரெயிலரில் நின்றன. குளிருக்கு முன்னர் செய்யவேண்டியதைச் செய்ய அந்த வீட்டில் ஒருவருக்கும் நேரமும் இல்லை, மனமும் இல்லை. மகன் படங்கை இழுத்து மூடியதோடு சரி.

மே மாதம் மனைவி அதை விற்க நினைத்தார். பார்க்க வந்த ஒருவர் பற்றரி இறங்கும் வரை சுற்றிப் பார்த்துவிட்டு, “எஞ்சின் செத்துப்போச்சு, போட்டின்ர தகரத்துக்கு வேணுமெண்டா ஏதும் தரலாம்” என்று சொல்லிப் போய்விட்டார். அதற்குப் பிறகுதான் எனக்கு அழைப்பு.

“சேர், ஒருக்கா வந்து பாருங்கோ. விக்கிறதெண்டாலும் சரியான விலைக்கு விக்க வேணும்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “காசு பெரிசில்லை சேர். தன்னாலதான் அப்பான்ர எஞ்சின் பழுதாப்போச்சு எண்டு தம்பி ஒழுங்காச் சாப்பிடுறானில்லை” என்றார்.

அடுத்த நாளே போனேன். பெடியனுக்குப் பதினேழு வயது. தகப்பனின் அதே நெற்றி. வணக்கம் சொல்லி முடிய முதலே, “தாத்தா, அப்பா ஆஸ்பத்திரியில இருந்து சொன்னவர், எஞ்சினை ஒருக்காப் பார் எண்டு. நான் பிறகு செய்வம் எண்டு விட்டுட்டன்” என்றான்.

“தம்பி, அதைப் பிறகு கதைப்பம். இப்ப எனக்கு ஒரு கேள்விக்கு மறுமொழி சொல்லும். இந்த எஞ்சினில எதுவரைக்கும் சரியா இருக்கு?”

அவனுக்கு விளங்கவில்லை. உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். சுற்று வேலை செய்யாவிட்டால் ஆய்வுகூடத்தில் நான் கேட்கும் கேள்வியும் இதுதான். “எங்கே பிழை?” என்று தேடினால் கண் எல்லா இடமும் ஓடும், கை எல்லாவற்றையும் கழற்றும். “எதுவரை சரி?” என்று கேட்டால் ஒரு முனையில் இருந்து வரலாம். சரியான இடம் முடிகிற எல்லையில் பிழை இருக்கும். இன்னொரு விதி: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். பிளக்கையும் பெற்றோலையும் ஒன்றாக மாற்றி எஞ்சின் ஓடிவிட்டால், எதனால் ஓடியது என்று ஒருநாளும் தெரியாது. நடு ஏரியில் திரும்ப நிற்கும்போதும் தெரியாது.

பெற்றோல் எஞ்சின் ஓட மூன்று வேண்டும். சரியான நேரத்தில் மின்பொறி. காற்றோடு கலந்த எரிபொருள் ஆவி. அதை நெருக்குகிற அமுக்கம். இந்த மூன்றுக்கும் முன்னர் அதை ஒருக்கால் சுற்றிவிட ஒரு பலம். அவ்வளவுதான். நாங்கள் பார்த்த ஒழுங்கை அப்படியே தருகிறேன். போட்டுக்கு மட்டுமல்ல, புல்லு வெட்டும் மெசினுக்கும் பனி தள்ளும் மெசினுக்கும் இது பொருந்தும்.

முதலில், ஸ்பனர் எடுக்காமல் பார்க்கக் கூடியவை. ஓட்டுபவர் தண்ணீருக்குள் விழுந்தால் எஞ்சினை நிறுத்துவதற்காக ஒரு சிவப்புச் சுருள் கயிறு இருக்கும். அதன் கொளுக்கி ஆளியில் பூட்டியிருக்காவிட்டால் மின்பொறி வராது. எத்தனையோ “செத்துப்போன” எஞ்சின்கள் இந்தக் கொளுக்கியை மாட்டியதும் உயிர்த்ததைப் பார்த்திருக்கிறேன். கியர் நடுநிலையில் நிற்கிறதா, பெற்றோல் தாங்கியின் மூடியில் காற்றுத் திருகு திறந்திருக்கிறதா, குழாயின் நடுவில் இருக்கும் றப்பர் குமிழில் அம்புக்குறி எஞ்சினைப் பார்க்கிறதா என்பவையும் இதில் சேரும். எங்களுக்கு இவை எல்லாம் சரி.

இரண்டாவது, பற்றரி. அதைப் பனிக்காலம் முழுக்கப் போட்டிலேயே விட்டிருந்தார்கள். அளந்தால் 11.4 வோல்ற். 12 வோல்ற் ஈய அமிலப் பற்றரி முழுதாக ஏறியிருந்தால், ஓய்வில் 12.6 அளவில் நிற்க வேண்டும். 12க்குக் கீழே என்றால் வெறும் பெட்டி. கவனியுங்கள், முழுச் சார்ஜில் உள்ள பற்றரி மைனஸ் 50 பாகையிலும் உறையாது. சார்ஜ் இறங்கிவிட்டால் உள்ளே இருப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். மைனஸ் 10 அளவிலேயே உறைந்து பெட்டி வெடிக்கலாம். பெட்டி வீங்கியோ வெடித்தோ இருந்தால் சார்ஜ் பண்ணவே கூடாது. இது தப்பியிருந்தது, ஆள் சுற்றிப் பார்த்த பிறகுதான் இறங்கியிருக்கிறது. இரவு முழுக்கச் சார்ஜில் போட்டோம். காலையில் 12.6. எஞ்சின் நன்றாகச் சுற்றியது, ஆனால் பிடிக்கவில்லை.

“இப்ப எதுவரைக்கும் சரி?” என்றேன்.

“சுத்துற வரைக்கும் சரி, தாத்தா.” முகத்தில் கொஞ்சம் வெளிச்சம்.

ஒரு எச்சரிக்கை. தண்ணீருக்கு வெளியே எஞ்சினைச் சுற்ற முன்னர், கீழே தண்ணீர் உறிஞ்சும் துவாரங்களில் றப்பர்க் காதுமூடி போன்ற ஒன்றை மாட்டித் தோட்டக்குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். உள்ளே தண்ணீர் இறைக்கும் சக்கரம் றப்பரால் ஆனது. தண்ணீர் இல்லாமல் ஓடினால் சிறிது நேரத்திலேயே கருகிவிடும்.

மூன்றாவது, மின்பொறி. பெற்றோல் தாங்கியைத் தூரத்தில் வைத்தோம். இரண்டு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொன்றாக வயரில் மாட்டி, அதன் உலோகம் எஞ்சினில் முட்ட வைத்து, காப்பிட்ட குறட்டால் பிடித்துக்கொண்டு சுற்றினோம். நீலப் பொறி ‘டிக் டிக்’ என்று பாய்ந்தது. இரண்டிலும். மின்பக்கம் முழுவதும் சரி.

நான்காவது, பிளக் ஈரமா உலர்வா? இது காசு செலவில்லாத பரிசோதனை. சோக்கை இழுத்துப் பத்துத் தரம் சுற்றிய உடனே பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பெற்றோலில் நனைந்திருந்தால் எரிபொருள் வருகிறது, வேறு இடத்தில் தேட வேண்டும். எங்களுடையவை அடுப்படியில் காயவைத்தது போல உலர்ந்திருந்தன.

ஐந்தாவதைச் செய்யும்போது எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. காற்று உறிஞ்சும் வாயில் அரைத் தேக்கரண்டி புதுப் பெற்றோல் விட்டுச் சுற்றச் சொன்னேன். எஞ்சின் ‘பட பட’ என்று பிடித்து, மூன்று விநாடி ஓடி, நின்றது. பெடியன் துள்ளிவிட்டான். “ஏன் தாத்தா நிண்டது? ஓடத் தெரிஞ்ச எஞ்சின் ஏன் நிக்குது?”

1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு இந்தக் காட்சி மறக்காது. பொருளாதாரத் தடையில் பெற்றோல் பொன் போல. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஸ்ரார்ட் பண்ண மட்டும் ஒரு சின்னப் போத்தலில் இருந்து சொட்டுப் பெற்றோல். இவனுடைய தகப்பன் அந்தக் காலத்தில் வகுப்பில் எழும்பிக் கேட்டான்: “சேர், மண்ணெண்ணெயில ஓடுற எஞ்சின் ஏன் மண்ணெண்ணெயில ஸ்ரார்ட் ஆகுதில்லை?” அன்றைய பாடத்தை விட்டுவிட்டு முழு நேரமும் அதைத்தான் படிப்பித்தேன். திரவம் எரிவதில்லை, ஆவிதான் எரிகிறது. பெற்றோல் மைனஸ் 40 பாகையிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவி கொடுக்கும். மண்ணெண்ணெய்க்கு 38 பாகைக்கு மேல் வேண்டும். குளிர்ந்த எஞ்சினுக்குள் அது ஆவியாகாது. சூடு ஏறிய பிறகு ஆவியாகும், ஓடும். அந்த முதல் சூட்டுக்குத்தான் சொட்டுப் பெற்றோல்.

தகப்பன் கேட்ட கேள்வியை மகனுக்குச் சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை. பிறகு அவனே யோசித்துச் சொன்னான்: “அப்ப பொறி சரி, அமுக்கம் சரி. நாங்கள் விட்ட பெற்றோல் முடிய நிண்டது. தாங்கியில இருந்து வாற பெற்றோல்தான் வரேல்ல. அல்லது வந்தும் எரியுதில்லை.”

அதுதான் மறுமொழி. அரைத் தேக்கரண்டிப் பெற்றோலில் பாதி எஞ்சினை நாங்கள் சந்தேகத்தில் இருந்து விடுவித்துவிட்டோம். (திறந்த வெளியில், தீயணைக்கும் கருவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அளவோடு செய்யுங்கள். கடையில் விற்கும் ஈதர் ஸ்பிறேயை இதற்குப் பாவிக்க வேண்டாம்.)

இந்த இடத்தில் போட்டின் இருக்கைக்குக் கீழே உள்ள பெட்டியில் பிளாஸ்ரிக் பை ஒன்றில் சுற்றிய சீ.ஆர். கொப்பி ஒன்று கிடைத்தது. தகப்பனின் கையெழுத்து. ஒவ்வொரு ஒக்ரோபரும் செய்ததைத் திகதி போட்டு எழுதியிருந்தான், ஆய்வுகூடக் கொப்பி மாதிரியே. முழுக்கத் தமிழில். பெடியனுக்குத் தமிழ் நன்றாகக் கதைக்க வரும், வாசிக்க எழுத்துக்கூட்ட வேண்டும். “கார்... ப... ரேற்... றர்” என்று விரல் வைத்து வாசித்துவிட்டு, அது என்னவென்று விளங்கியதும் சிரித்தான். அன்று முதல் தரம் சிரித்தான். “பெற்றோலுக்கு மருந்து விட்டது. பத்து நிமிடம் ஓடவிட்டது. கார்பரேற்றர் வடித்தது. பற்றரி கழற்றி நிலவறையில் வைத்தது.” வருடம் வருடமாக அதே நாலு வரி. கடைசியாக எழுதியது முந்தைய வருடத்து ஒக்ரோபர். அதற்கு அடுத்த பக்கம் வெறுமை.

அவன் முகம் திரும்பவும் இருண்டது. “இந்த வெறும் பக்கம் எங்களுக்கு இப்ப உதவி செய்யுது” என்று சொன்னேன். “மருந்து விடேல்ல, கார்பரேற்றர் வடிக்கேல்ல எண்டு அது சொல்லுது. இனித் தேட வேண்டிய இடம் ரெண்டுதான்.”

ஆறாவது, பழைய பெற்றோல். தாங்கியில் இருந்ததை ஒரு கண்ணாடிப் போத்தலில் ஊற்றி வெளிச்சத்தில் வைத்தோம். மேலே ஒரு நிறம், கீழே கலங்கலாக இன்னொரு படை. ஒன்ராறியோவில் விற்கும் சாதாரணப் பெற்றோலில் எதனோல் கலந்திருக்கும். எதனோலுக்குத் தண்ணீரில் ஆசை. காற்றில் உள்ள ஈரத்தை மெல்ல மெல்ல இழுக்கும். அளவுக்கு மிஞ்சினால் தண்ணீரும் எதனோலுமாகப் பிரிந்து அடியில் தங்கும். குழாய் உறிஞ்சுவதும் அடியில் இருந்துதான்! அதோடு மாதக்கணக்காக நின்ற பெற்றோலில் முதலில் பறந்துபோவது இலேசாக ஆவியாகும் பகுதிதான். ஸ்ரார்ட் பண்ணத் தேவையான பகுதியும் அதுவே. பழையதை நகரசபையின் அபாயக் கழிவு சேர்க்கும் இடத்தில் கொடுத்தோம். தயவுசெய்து சாக்கடையிலோ புல்லிலோ ஊற்றாதீர்கள்.

புதுப் பெற்றோல் விட்டு, றப்பர் குமிழை அமத்தினோம். கல்லுப்போல இறுகியது. என்றால் குழாய் சரி. சுற்றிப் பார்த்தால் பிளக் இன்னும் உலர்வு. இப்போது மிஞ்சியது ஒரே இடம்.

ஏழாவது, கார்பரேற்றர். அதன் அடிக்கிண்ணத்தில் எப்போதும் கொஞ்சம் பெற்றோல் நிற்கும். ஏழு மாதத்தில் அது வற்றிப் பிசினாகிவிடும். மெதுவாக ஓடுவதற்கான பெற்றோல் போகும் துவாரம் அரை மில்லிமீற்றரும் வராது. அதை அடைக்க ஒரு துளிப் பிசின் காணும். வடிதிருகைத் திறந்தால் தேத்தண்ணி நிறத்தில் நாலு துளி, பழைய வார்னிஷ் மணம். ஒவ்வொரு கட்டத்தையும் தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டே கழற்றச் சொன்னேன். திரும்பப் பூட்டும்போது அந்தப் படங்கள்தான் கடவுள். சின்ன யெற்றை வானத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தான்.

“தாத்தா, வெளிச்சம் தெரியேல்ல.”

கார்பரேற்றர் கழுவும் திரவத்தில் ஊறவைத்து, நைலோன் நூலால் துளாவி, காற்றடித்தோம். கம்பியால் குத்தக் கூடாது, துவாரம் பெருத்தால் அளவு பிழைத்துவிடும். மூன்றாம் தரம் பிடித்துப் பார்த்துவிட்டு, “தெரியுது!” என்று கத்தினான். தாய் அடுப்படியில் இருந்து ஓடி வந்தார்.

பூட்டினோம். குழாய்த் தண்ணீரைத் திறந்தோம். குமிழை அமத்தி, சோக்கை இழுத்து, திறப்பைத் திருப்பினான். இரண்டு தரம் இருமி, மூன்றாம் தரம் பிடித்தது. பக்கத்துத் துவாரத்தால் தண்ணீர் நூல் பிடித்தாற்போலப் பாய்ந்தது. தாய் படிக்கட்டில் இருந்துவிட்டார்.

பிறகுதான் நாங்கள் அந்த மற்றக் கதையைக் கதைத்தோம். “தம்பி, பழுதானது ஒரு துவாரம். செலவு, ஒரு ரின் கழுவும் மருந்தும் ஒரு தாங்கிப் பெற்றோலும். அப்பா இருந்திருந்தாலும் ஒரு வருசம் மறந்தால் இதுதான் நடந்திருக்கும். போன ஐப்பசியில நீர் ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடம் முடிய எங்க போனனீர்?” என்று கேட்டேன். “ஆஸ்பத்திரிக்கு” என்றான். “ரெண்டில எதை நீர் விட்டிருக்கலாம்?” என்றேன். அவன் மறுமொழி சொல்லவில்லை. அன்றிரவு இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டதாகத் தாய் அடுத்த நாள் சொன்னார்.

உடனே ஏரிக்குப் போக விடவில்லை. மே மாதத்துச் சிம்கோத் தண்ணீரில் கையை வைத்தால் விறைக்கும். அதற்குள் விழுந்தால் நீந்தத் தெரிந்தவருக்கும் மூச்சு அடைத்துவிடும். எஞ்சின் நடு ஏரியில் நின்றால் விளையாட்டில்லை. முதலில் வீட்டில் இருபது நிமிடம். அடுத்த சனிக்கிழமை இறங்குதுறையில் கயிறு கட்டியபடியே அரை மணித்தியாலம், நிறுத்தி நிறுத்தித் திரும்ப ஸ்ரார்ட். ஐந்து தரமும் பிடித்த பிறகுதான் கயிற்றை அவிழ்த்தோம். உயிர்காப்பு அங்கியைப் பூட்டிக்கொண்டு. அருகில் வைத்துக்கொண்டு அல்ல. அவனிடம் படகோட்டும் அத்தாட்சி அட்டையும் இருந்தது, தகப்பன் எடுப்பித்தது.

போட்டை விற்பதா வைத்திருப்பதா என்பது அவர்களின் விருப்பம். “இந்தக் கோடைக்கு இருக்கட்டும் சேர், பிறகு பாப்பம்” என்று தாய் சொல்லியிருக்கிறார். கொப்பியின் வெறும் பக்கத்தைப் பெடியன் அப்படியே விட்டுவிட்டு, அதற்கு அடுத்த பக்கத்தில் தமிழில் எழுதியிருக்கிறான். “யெற் அடைப்பு. சுத்தம் செய்தது.” ‘சுத்தம்’ என்பதில் ஒரு எழுத்துப் பிழை. நான் திருத்தவில்லை.

இனி மற்றவர்களுக்கு. ஒக்ரோபரில் ஒரு மணித்தியாலம் ஒதுக்கினால் மே மாதத்தில் எனக்குக் கோல் எடுக்கத் தேவையில்லை:

1. தாங்கியை நிரப்பி, பெற்றோல் பழுதாகாமல் இருக்கும் மருந்தைப் போத்தலில் உள்ள அளவுப்படி விடுங்கள். நிறைந்த தாங்கிக்குள் ஈரக்காற்று குறைவு.

2. மருந்து கார்பரேற்றர் வரை போகும்படி, குழாய்த் தண்ணீரோடு பத்து நிமிடம் ஓடவிடுங்கள். பிறகு கிண்ணத்தை வடித்துவிடுங்கள்.

3. பிளக் துவாரத்தால் உருளைக்குள் பாதுகாப்பு எண்ணெய் அடித்து, கையால் இரண்டு சுற்றுச் சுற்றிவிடுங்கள்.

4. கீழ்ப்பகுதிக் கியர் எண்ணெயை மாற்றுங்கள். பால் நிறத்தில் வந்தால் தண்ணீர் போயிருக்கிறது. பனியில் உறைந்தால் உறையே வெடிக்கும்.

5. எஞ்சினை நிமிர்த்தி வையுங்கள், உள்ளே உள்ள தண்ணீர் தானாக வடியட்டும்.

6. பற்றரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய், மாதம் ஒருமுறை சார்ஜ் பாருங்கள்.

7. செய்ததைத் திகதியோடு ஒரு கொப்பியில் எழுதி, போட்டிலேயே வையுங்கள். உங்களுக்குப் பிறகு அதைத் திறப்பவருக்கு அது வேண்டிவரும்.

கேள்வி இருந்தால் கீழே எழுதுங்கள், தெரிந்ததைச் சொல்வேன். “சேர், ஸ்ரார்ட் ஆகுதில்லை” என்று மட்டும் எழுதாமல், எதுவரைக்கும் சரியாக இருக்கிறது என்றும் எழுதுங்கள்.

எல்லோரும் சுகமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் பௌதிக சேர்